சோழிக் கணக்கில் நிலா

ஒரு கோளைச் சுற்றிவரும் இயற்கையான வான்பொருளைத் துணைக்கோள் என்கிறோம். புவிக்கு அப்படி ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதுவே நிலா. புதனுக்கும் வெள்ளிக்கும் துணைக்கோளே கிடையாது. செவ்வாய்க்கு இரண்டு, அவை 1877இல்தான் கண்ணில் பட்டன. வியாழனைச் சுற்றும் நான்கு பெரிய துணைக்கோள்களை 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் கண்ட பிறகே, நிலாவைப் போன்றவை வேறு கோள்களுக்கும் உண்டு என்பது மனிதருக்குத் தெரியவந்தது. சனியின் துணைக்கோள்கள் இன்றைய கணக்கில் 200ஐத் தாண்டிவிட்டன.

இந்தக் கூட்டத்தில் நம்முடைய நிலா சற்று விசித்திரமானது. அதன் விட்டம் 3,474 கி.மீ.; நிறை புவியில் 81இல் ஒரு பங்கு. சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய துணைக்கோளான கானிமீடு நிலாவைவிடப் பெரியதுதான். ஆனால் அது தன் கோளான வியாழனின் நிறையில் 12,000இல் ஒரு பங்குகூட இல்லை. கோளோடு ஒப்பிட்டால் புவியின் நிலா அளவுக்கு மீறிப் பெரியது. அதனால் நிலா புவியைச் சுற்றுகிறது என்று சொல்வது முழுக்கணக்கு ஆகாது. இரண்டும் சேர்ந்து ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன; அந்த மையம் புவியின் நடுவிலிருந்து ஏறத்தாழ 4,700 கி.மீ. தள்ளி, புவிக்குள்ளேயே இருக்கிறது. நிலா இழுக்கிறது, புவியும் அசைகிறது.

இந்த உறவை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் பல நூற்றாண்டுகளாக ஏதாவது ஒரு வகையில் கணக்கில் வைத்தே வந்திருக்கிறது. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில் நிலா மறையும் இரவுக்கென்று ஒரு பெருங்கோயில் இருக்கிறது. நிலவைச் சடையில் சூடிய இறைவனுக்கு இன்னொன்று. ஓதம் ஏறி இறங்கும் கழியும் உப்பளமும் மரக்காணத்தில். மாவட்டத்தை ஒட்டியிருக்கும் புதுச்சேரியில், கிரகணத்தைச் சோழியால் கணித்த பஞ்சாங்கக்காரர்கள் இருந்தார்கள். நிலா எதனால் ஆனது என்ற கேள்வி இவர்கள் யாருக்கும் முதன்மையானதாக இருக்கவில்லை. அது இன்றைக்கு எங்கே நிற்கிறது, எப்போது திரும்பி வரும் என்பதே கேள்வி. வியப்பு என்னவென்றால், அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே வெகுதூரம் போக முடிந்திருக்கிறது.

நிலா ஒரு விண்மீனுக்கு அருகே நின்று, வானத்தைச் சுற்றி, மறுபடி அதே விண்மீனிடம் வந்து சேர 27.32 நாள் ஆகிறது. வானப் பாதையை 27 நட்சத்திரங்களாகப் பகுத்ததற்கு அடிப்படை இதுதான். நாளுக்கு ஒன்று என்ற கணக்கு. ஒருவருடைய ஜென்ம நட்சத்திரம் என்பது அவர் பிறந்த வேளையில் நிலா நின்ற இடம், அவ்வளவே. ஆனால் பௌர்ணமியிலிருந்து பௌர்ணமிக்கு 29.53 நாள் ஆகும். நிலா ஒரு சுற்று முடிப்பதற்குள் புவி சூரியனைச் சுற்றும் பாதையில் 27 பாகை நகர்ந்துவிடுகிறது. சூரியனுக்கு நேர் எதிரே வந்து நிற்க நிலாவுக்கு இன்னும் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்படுகிறது.

அமாவாசை என்றால் என்ன என்பதற்குச் செஞ்சி வட்டாரத்துப் பாரதக் கூத்து வைத்திருக்கும் விளக்கம் பாடநூல் விளக்கத்துக்குக் குறைந்ததல்ல. போரில் வெல்லக் களப்பலி கொடுக்க நாள் குறித்துத் தரும்படி துரியோதனன் சகாதேவனிடமே போய்க் கேட்கிறான். பகைவன் என்று பார்க்காமல் சகாதேவன் அமாவாசையைச் சொல்லிவிடுகிறான். கண்ணன் என்ன செய்கிறான்? ஒரு நாள் முந்திக்கொண்டு, சதுர்த்தசியன்றே ஆற்றங்கரையில் உட்கார்ந்து தர்ப்பணம் செய்யத் தொடங்குகிறான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தொடங்குகிறார்கள். நாளைக்கல்லவா அமாவாசை என்று குழம்பிய சூரியனும் சந்திரனும் விவரம் கேட்க ஒன்றாகக் கிளம்பி வருகிறார்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் நாள்தானே அமாவாசை, இதோ சேர்ந்துவிட்டீர்களே என்கிறான் கண்ணன். பாண்டவர் பக்கம் அரவான் பலியாகிறான். சூரியனும் நிலாவும் வானில் ஒரே திசையில் கூடுவதே அமாவாசை. நாள்காட்டியில் அச்சிட்டிருப்பது அல்ல. திரௌபதி அம்மன் வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988இல் வெளியிட்ட நூல் செஞ்சியையே மையமாகக் கொண்டது; இந்தக் கதைகளின் வேர் இந்த மண்ணில் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அது ஒரு சான்று. அரவானுக்கான கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கிறது. 2019 வரை அந்த ஊரும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது, இப்போது கள்ளக்குறிச்சி.

அமாவாசைக்கென்றே பெயர்பெற்ற தலம் மேல்மலையனூர். மாதம் தவறாமல் அமாவாசை இரவில் அங்காளபரமேசுவரிக்கு ஊஞ்சல் உற்சவம். கோயிலின் ஊஞ்சல் மண்டபத்தில் உற்சவ அம்மனை அமர்த்தி, நள்ளிரவை ஒட்டிப் பூசாரிகள் தாலாட்டுப் பாட, திடலில் கூடியிருப்பவர்கள் கற்பூரம் ஏற்றுகிறார்கள். அதற்காகப் பல ஊர்களிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் வருவது மயானக்கொள்ளை. கையில் ஒட்டிக்கொண்ட பிரமனின் கபாலத்தோடு அலைந்த சிவன் அந்தப் பழியிலிருந்து இங்கே விடுபட்டார் என்பது தலக்கதை.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. சூரியனைவிட்டு நிலா 12 பாகை விலகினால் ஒரு திதி. முப்பது திதிக்கு ஒரு மாதம். நிலா எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. புவிக்குக் கிட்டே, ஏறத்தாழ 3,63,000 கி.மீ. தொலைவில் வரும்போது நாளுக்கு 15 பாகைவரை நகரும், 4,05,000 கி.மீ. எட்டப் போகும்போது 12 பாகைக்கும் சற்றுக் குறைவு. அதனால் ஒரு திதி 20 மணி நேரத்துக்குள்ளும் முடியலாம், 26 மணி நேரத்துக்கும் நீளலாம். திதி காலையில் பிறக்கும், நடுப்பகலில் பிறக்கும், நள்ளிரவிலும் பிறக்கும். தர்ப்பணத்துக்குப் பிற்பகலில் அமாவாசை இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு இரவில் இருக்க வேண்டும். வீட்டு அமாவாசையும் மேல்மலையனூர் அமாவாசையும் சில மாதங்களில் வெவ்வேறு கிழமையில் விழுவது இதனால்தான். யாரோ தப்பாகக் கணித்துவிட்டார்கள் என்று கோயில் வாசலில் நடக்கும் வாக்குவாதங்களுக்கு அடிப்படை பெரும்பாலும் இவ்வளவே.

வானூர் வட்டத்தில், வராக நதிக் கரையில் உள்ள திருவக்கரையின் இறைவன் சந்திரமௌலீசுவரர். சம்பந்தர் பாடிய தலம். செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில்களில் ஒன்று. இன்று கூட்டம் வருவது பெரும்பாலும் இதே கோயிலில் உள்ள வக்கிரகாளிக்காக. பௌர்ணமியன்று நள்ளிரவு 12 மணிக்கும் அமாவாசையன்று நண்பகல் 12 மணிக்கும் இங்கே சோதி தரிசனம் காட்டுவது வழக்கம். ஒன்று இரவு, மற்றொன்று பகல் என்பது எதேச்சையாக அமைந்ததுபோலத் தோன்றலாம். பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிர்த்திசையில் இருப்பதால் அது உச்சிக்கு வரும் நேரம் நள்ளிரவு. அமாவாசை நிலா சூரியனோடு சேர்ந்தே ஏறுவதால் அது உச்சிக்கு வரும் நேரம் நண்பகல். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கேதான் இருக்கிறது. ஆக இரண்டு தரிசனமும் நிலா உச்சியில் நிற்கும் வேளையில் நடக்கின்றன. வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் இதை நினைத்துத்தான் செய்தார்களா என்பது வேறு விஷயம், வான்கணக்கு பொருந்துகிறது. கடிகாரத்தின் 12 மணியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கானது. திருவக்கரைக்கு உச்சிப்பொழுது சராசரியாகப் பதினோரு நிமிடம் கழித்தே வரும்.

கல்வெட்டிலும் நிலா இரண்டு வகையில் வருகிறது. இந்தப் பகுதியின் சோழர் காலக் கோயில்களில் நிலமோ விளக்கோ கொடுத்தவர்கள், சந்திரனும் சூரியனும் உள்ளவரை அது நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அது மரபுத் தொடர். வரலாற்றுக்கு அதைவிடப் பெரிய உதவி செய்தது, கல்வெட்டின் தேதியில் கிழமையோடும் திதியோடும் சேர்த்து நட்சத்திரத்தைக் குறித்த பழக்கம். இந்தக் கிழமை, இந்தத் திதி, நிலா இந்த நட்சத்திரத்தில் என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்வது அரிது. அரசனின் ஆட்சியாண்டு மட்டும் தெரிந்த கல்வெட்டுகளில் இந்த மூன்றையும் பின்னோக்கிக் கணித்துத்தான் ஜெர்மன் அறிஞர் கீல்ஹார்ன் சோழ மன்னர்களின் காலத்தை நிறுவினார். முதலாம் இராசராசன் 985ஆம் ஆண்டு சூன் 25க்கும் சூலை 25க்கும் இடையில் பட்டத்துக்கு வந்தான் என்பது அப்படிக் கிடைத்த முடிவு. பிறகு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பெரும் அட்டவணைத் தொகுதிகள் அந்த வேலையை எல்லோருக்கும் எளிதாக்கின. சோழர் வரலாற்றின் ஆண்டுகளில் பல நிலாவைச் சாட்சியாக வைத்து எழுதப்பட்டவை.

அத்தனை துல்லியமாக நிலாவின் இடத்தை அந்தக் காலத்தில் கணித்தது எப்படி? தமிழ்நாட்டில் அதற்கு வழங்கிய முறை வாக்கியம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் காஞ்சிப் பகுதியில் எழுந்ததாகக் கருதப்படும் வாக்கியகரணம் என்ற நூல் அதன் அடித்தளம். 1962இல் சென்னையில் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் அதைப் பதிப்பித்தார்கள். நிலாவின் வேகம் குறைந்து, கூடி, மறுபடி குறைய ஒரு சுழற்சிக்கு 27.55 நாள். இப்படி ஒன்பது சுழற்சி சேர்ந்தால் ஏறத்தாழச் சரியாக 248 நாள். அந்த 248 நாளுக்கும் நிலா எவ்வளவு நகரும் என்பதை 248 சிறு வாக்கியங்களாக மனப்பாடம் செய்துவிட்டால் போதும். வரருசி பெயரால் வழங்கும் அந்த வாக்கியங்களில் எழுத்துகளே எண்கள். முதல் வாக்கியம் தரும் எண் 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). நிலா மிக எட்டத்தில் இருக்கும் நாளில் அதன் ஓட்டம் அது.

எழுத்து எண்ணாவது எப்படி என்பதை ஒரு சொல்லில் பார்க்கலாம். 248 என்ற அடிப்படை எண்ணுக்கே பஞ்சாங்கக்காரர்கள் வைத்திருந்த பெயர் ‘தேவரம்’. தே என்றால் 8, வ என்றால் 4, ர என்றால் 2; வலமிருந்து இடமாகப் படித்தால் 248. அடுத்த பெரிய சுழற்சிக்குப் பெயர் ‘காலானிலம்’: கா 1, லா 3, னி 0, ல 3, அதாவது 3,031 நாள், 110 வேகச் சுழற்சிகள். அதற்கும் மேலே 12,372 நாள்; அதில் 449 சுழற்சிகள் அடங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் கழிக்க வேண்டிய ஒரு பெரிய எண் இருக்கிறது: 16,00,984.

1825 மே 31 என்ற தேதியை எடுத்துக்கொண்டு கணக்கை ஓட்டிப் பார்க்கலாம். கலியுகம் தொடங்கியதிலிருந்து அன்றுவரை கழிந்த நாள் 17,99,312. அதில் 16,00,984 போனால் மிச்சம் 1,98,328. அதை 12,372ஆல் வகுத்தால் ஈவு 16, மிச்சம் 376. அதில் 3,031 அடங்காது. 248 ஒரு முறை அடங்கும், மிச்சம் 128. ஆக வேண்டியது 128ஆம் வாக்கியம். கழித்த ஒவ்வொரு துண்டுக்கும் நிலா எவ்வளவு முன்னேறியிருக்கும் என்பதற்கும் எண் உண்டு. ஒரு தேவரத்துக்கு 27 பாகை 44 கலை. அவற்றைக் கூட்டிக்கொண்டால் அன்றைய சூரிய உதயத்தில் நிலா நின்ற இடம் கிடைத்துவிடும், சிறு திருத்தங்கள் போக. ஏட்டைப் புரட்ட வேண்டாம், வானத்தை அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம்.

இந்தத் தேதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அன்றிரவு ஒரு சந்திர கிரகணம் வந்தது. புதுச்சேரிப் பக்கம் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை மனத்துக்குள்ளிருந்தே எடுத்து, அந்தக் கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கூடவே இருந்து குறித்துக்கொண்டவர் ஜான் வாரன். பிரெஞ்சுக்காரராகப் பிறந்து, ஆங்கிலேயர் படையில் சேர்ந்து, சென்னை வானியல் கூடத்தைச் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். பின்னாளில் புதுச்சேரியிலேயே இறந்தார். தென்னிந்தியக் காலக்கணக்கைப் பற்றி அவர் எழுதிய ‘கால சங்கலித’ 1825இல் சென்னையில் அச்சானது. சோழிக் கணக்கின் முடிவு கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. பேனா பிடிக்காமல், ஒரு கருவியும் இல்லாமல், நூற்றாண்டுகளுக்கு முன் அமைந்த வாய்பாட்டை வைத்துக் கிடைத்த முடிவு இது. கணித்தவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல் மட்டுமே இருந்தது என்று வாரன் எழுதினார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கோட்பாடு வாக்கியங்களுக்குள் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. சொல்பவர் அதை அவிழ்க்கத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அட்டவணையைப் பார்த்து மடக்கை எடுத்த ஐரோப்பிய மாலுமிக்கும் நிலைமை அதுதான்.

வாரனுக்கு அரை நூற்றாண்டு முன்பே இதே சோழிக் கணக்கில் சொக்கிப்போன இன்னொரு பிரெஞ்சுக்காரர் உண்டு. கியோம் லெ ஜான்டீய், 1761இல் சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கக் கிளம்பியவர். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட, கப்பல் தளத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. ஆடும் கப்பலில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. எட்டு ஆண்டு கழித்து வரும் அடுத்த கடப்புக்காக இந்தக் கடல்களிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரிக்கு வந்து காத்திருந்தார். 1769 சூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி ஏமாற்றிவிட்டாலும் நிலா ஏமாற்றவில்லை. காத்திருந்த மாதங்களில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றுக்கொண்டு, 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தை வைத்துச் சோதித்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாக இருந்தது. ஐரோப்பாவில் அன்றைக்குப் பேர்போன டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி கூடுதலாக இருந்தது. இந்த ஒரு கிரகணத்தை மட்டும் எடுத்து வீசி மார்தட்டிக்கொள்வதில் பொருளில்லை. 1825இன் 52 நிமிடமும் அதே முறை தந்ததுதான். கிட்டே வருவதும் எட்டப் போவதும் பழைய வாய்பாட்டின் இயல்பு.

அமாவாசை, பௌர்ணமிதோறும் கிரகணம் வராததற்குக் காரணம் நிலாவின் பாதை சூரியப் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பது. பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா புவி நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிவிடும். இரண்டு பாதையும் வெட்டும் இரண்டு புள்ளிகளே ராகுவும் கேதுவும்; அவற்றின் அருகே நிலா இருக்கும்போது மட்டுமே கிரகணம். பஞ்சாங்கக்காரர் சோழி வைத்துக் கணித்ததில் இந்தப் புள்ளிகளின் நகர்வும் ஒரு பகுதி.

248, 3,031 என்ற எண்கள் தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. எகிப்தில் கிடைத்த ஒரு கிரேக்கப் பாப்பிரசிலும் இதே இரண்டு எண்கள் இருக்கின்றன. 248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் உண்டு. ஓட்டோ நொய்கெபாவர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற கட்டுரையில் வாரனின் பதிவை எடுத்து வைத்து இந்தத் தொடர்பைக் காட்டினார். யூப்ரடீஸ் கரையில் வழக்கொழிந்து மண்ணுக்குள் போன ஒரு கணக்கு முறை புதுச்சேரித் தரையில் 1825இலும் உயிரோடு இருந்தது. இன்றும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் கோயில்கள் தமிழ்நாட்டில் பல. சென்னை வானியல் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 19ஆம் நூற்றாண்டில் புதிய அளவுகளை வைத்துப் பஞ்சாங்கத்தைத் திருத்த முயன்றார். திருக்கணிதம் என்று இப்போது தனியாக வெளிவருவது அந்த வழியில் வந்தது. இரண்டுக்கும் திதி முடியும் நேரத்தில் சில மணி நேரம்வரை வித்தியாசம் வருவதுண்டு.

கடலுக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம். திண்டிவனத்தில் உள்ள கிடங்கில், மரக்காணமாகக் கருதப்படும் எயிற்பட்டினம் ஆகிய இரண்டையும் சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர்களாகச் சொல்கிறது. இன்று மரக்காணம் என்றால் உப்பளம். பக்கத்தில் கழுவெளி, தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் வெட்டி முடித்த பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் இங்கேதான். கால்வாய், கழி, ஏரி மூன்றிலும் கடலின் ஓதம் உள்ளே ஏறும், பிறகு வற்றும்.

ஓதத்துக்குக் காரணம் நிலாவின் ஈர்ப்பு புவியின் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லாதது. நிலாவைப் பார்த்த பக்கத்துக் கடலை அது புவியின் நடுவைவிடச் சற்று வலுவாக இழுக்கிறது; மறுபக்கத்துக் கடலைச் சற்றுத் தளர்வாக. அதனால் இரண்டு பக்கமும் நீர் புடைக்கிறது, நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறுகிறது. நிலா நகர்ந்துகொண்டே போவதால் அந்த நேரம் தினமும் 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும். சூரியனுக்கும் இதே வேலை உண்டு, நிலாவில் பாதிக்கும் சற்றுக் குறைவாக. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இருவர் இழுப்பும் ஒரே கோட்டில் சேர்வதால் அதை ஒட்டிய நாட்களில் ஓதம் மிகுந்து ஏறும்; அஷ்டமியில் ஒன்றையொன்று குறைக்கும். சோழமண்டலக் கரையில் மிகுந்த ஓதமே ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் பத்து மீட்டரைத் தாண்டும். ஒரு மீட்டர் சிறிதுதான். ஆனால் தரை கடல்மட்டத்தை ஒட்டியே கிடக்கும் கழிமுகத்தில் அந்த ஒரு மீட்டர் உவர்நீரை வெகுதூரம் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பாத்தி கட்டி உப்பு விளைவிக்கும் தொழில் அங்கே நிலைத்ததில் அதற்கும் பங்குண்டு.

ஓதம் உப்போடு நிற்பதில்லை. புவி தன் அச்சில் வேகமாகச் சுழல்வதால் நீர்ப் புடைப்பை நிலாவுக்குச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் புடைப்பு நிலாவை முன்னோக்கி இழுக்க, நிலா விலகுகிறது; பதிலுக்குப் புவியின் சுழற்சி குறைகிறது. இன்றைய வேகம் ஆண்டுக்கு 3.8 செ.மீ.; நூறு ஆண்டில் ஒரு நாளின் நீளம் ஆயிரத்தில் இரண்டு வினாடி அளவுக்குக் கூடுகிறது. கேட்டால் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். திருவக்கரைக் கோயிலுக்கு அருகிலேயே அதை அளந்து பார்க்க ஒரு கோல் கிடக்கிறது: கல்மரங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காத்துவரும் பூங்காவில் கல்லாகிப்போன பெருமரத் தண்டுகள் செம்மண்ணில் கிடக்கின்றன. வேரோ கிளையோ பட்டையோ இல்லாமல் இருப்பதால் வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்று கருதப்படுகிறது. 1781இல் இவற்றைப் பதிவு செய்தவர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. விலகும் வேகம் இதே அளவில் இருந்ததாக வைத்துக்கொண்டால், அந்த மரங்கள் நின்ற காலத்தில் நிலா 760 கி.மீ. அளவுக்குக் கிட்டே இருந்திருக்கும். ஒரு நாள் ஏழு நிமிடம்போலக் குறைவாக இருந்திருக்கும். அந்த மரங்கள் கண்ட நிலாவுக்கும் இப்போது தெரியும் நிலாவுக்கும் அளவில் வித்தியாசம் ஆயிரத்தில் இரண்டு பங்கு. கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

புவியும் தன் பங்குக்கு நிலாவை இழுத்து அதன் சுழற்சியை எப்போதோ அதன் சுற்றோடு பூட்டிவைத்துவிட்டது. அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு சுழற்சி. விழுப்புரத்திலிருந்து பௌர்ணமிதோறும் ரயிலேறித் திருவண்ணாமலைக்குப் போகிறவர் 14 கி.மீ. கிரிவலத்தில் மலைக்குத் தன் வலத் தோளை மட்டுமே காட்டிக்கொண்டு நடக்கிறார். சுற்றி முடிப்பதற்குள் அவரும் தன்னையறியாமல் ஒரு முறை திரும்பியிருப்பார். நிலாவும் அப்படித்தான் ஒரே முகத்தைக் காட்டுகிறது. மறுபக்கத்தை மனிதர் முதன்முதலில் பார்த்தது 1959இல் சோவியத்தின் லூனா 3 அனுப்பிய படத்தில். நிலாவுக்கு நிரந்தர இருட்டுப் பக்கம் கிடையாது. எல்லாப் பக்கத்திலும் பகல் ஏறக்குறைய 15 நாள், இரவு அதே அளவு.

அந்தப் பதினைந்து நாளே சந்திரயான்-3 திட்டத்தின் கால அட்டவணையாக அமைந்தது. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், அங்குள்ள ரயில்வே பள்ளியில் படித்தவர். 2023 சூலை 14 அன்று ஏவிய கலம் ஆகஸ்ட் 5இல் நிலாவின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது; 23ஆம் தேதி மாலை 6.04 மணிக்குத் தென்பகுதியில், 69 பாகை அட்சரேகையை ஒட்டி இறங்கியது. சூரிய மின்தகட்டில் ஓடும் கருவி இறங்க வேண்டிய நேரம், அந்த இடத்தில் பொழுது விடிந்ததும். முன்னால் இறங்கினால் இருட்டு. தாமதித்தால் வேலை செய்யக் கிடைக்கும் பகல் குறையும். அந்த விடியலைத் தவறவிட்டால் ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். நிலாவில் ஓரிடத்தில் பொழுது விடிவதும் புவியில் நிலா வளர்வதும் ஒரே 29.53 நாள் கணக்குதான். இறங்கிய நாள் இங்கே வளர்பிறையின் முதல் பாதி. செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே பொழுது சாயும்போது பிரக்யான் ஊர்தியையும் பிறகு விக்ரம் தரையிறங்கியையும் உறங்கவைத்தார்கள். மறுபடி விடிந்தபோது இரண்டும் எழவில்லை.

விக்ரமின் மேலே நாசா கொடுத்த சிறு எதிரொளிப்பான் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் 12 அன்று நிலாவைச் சுற்றும் அமெரிக்கக் கலம் 100 கி.மீ. தொலைவிலிருந்து லேசர் ஒளியை அதன்மேல் பாய்ச்சி, திரும்பி வந்த ஒளியைப் பிடித்தது. இதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் பெரிய எதிரொளிப்பான்களை அப்போலோ 11, 14, 15 குழுவினர் நிலாவில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்; அங்கேயே நிற்கும் சோவியத்தின் லூனோகோத் ஊர்திகளிலும் அவை உண்டு. புவியிலிருந்து அவற்றுக்கு லேசரை அனுப்பி, அது திரும்ப ஆகும் இரண்டரை வினாடியை நுணுக்கமாக அளப்பதன் மூலமே ஆண்டுக்கு 3.8 செ.மீ. என்ற எண் கிடைத்தது. அளவீடு 1969 முதல் தொடர்கிறது.